இரண்டு ஏக்கர் கடல்

கொழும்புக்குப் போகிற தமிழ்நாட்டுக்காரர்கள் வெள்ளவத்தையில் தங்கி, காலி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, சாயங்காலம் காலிமுகத்திடலில் இறால் வடை தின்றுவிட்டு, மறுநாள் கண்டிக்கோ கதிர்காமத்துக்கோ வண்டி பிடிப்பது வழக்கம். எனக்கோ துறைமுகத்துக்கும் வடக்கே இருக்கிற முகத்துவாரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. காரணம் ஒரு கப்பல். எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றபோது தீப்பிடித்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் எரிந்து, ஜூன் 2 அன்று அமிழத் தொடங்கியது. அதில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. ஆயிரம் டன்னுக்கு மேல் காஸ்டிக் சோடாவும் இருந்தது. ஒரு பக்கம் கடும் அமிலம், மறுபக்கம் கடும் காரம், சுற்றிலும் கடல். பள்ளியில் வேதியியல் நடத்துகிற எவனுக்கும் அந்தக் கரையில் ஒருமுறை நின்று பார்க்கத் தோன்றும். எனக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். உப்பளத்து உப்பைக் கரைத்து, மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடா எடுக்கிற சாகுபுரம் ஆலைக்கு அருகில் வளர்ந்தவன் என்பதால், கொஞ்சம் கூடுதலாகவே தோன்றியது.

வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் புறக்கோட்டை வந்து, அங்கிருந்து ஓட்டோ. கொச்சிக்கடையில் அந்தோனியார் கோவில், சற்றுத் தள்ளிக் கருங்கல்லால் எழுந்து நிற்கிற பொன்னம்பலவாணேசுவரர் கோவில், கொட்டாஞ்சேனையில் லூசியா பேராலயத்தின் கோபுரம் என்று வழிநெடுகச் சாமிகள். தெருப்பெயர்ப் பலகைகளில் மூன்று மொழி; தெருப்பேச்சிலும் மூன்று மொழி. எந்த மொழியில் கேட்டாலும் வேறொரு மொழியில் பதில் வருகிற ஊர் அது.

முகத்துவாரத்துப் பத்திரகாளியம்மன் கோவிலில் நுழைந்ததும் என்னுடைய பாடம் ஆரம்பித்துவிட்டது. நியாயம் கேட்டு வருகிறவர்களின் கோவில் அது. தமிழரும் சிங்களவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வாசலில் எலுமிச்சம்பழ மாலைகள் தொங்கின. எனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு பழத்தை இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகத்தில் குங்குமம் தடவித் தரையில் வைத்தாள். ஊரிலும் பார்த்த காட்சிதான். ஆனால் குனிந்து உற்றுப் பார்த்தேன். சாறு கசிந்த இடங்களில், சுளைகளின் விளிம்பில், சிவப்பு மெல்லக் கரைந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

பூக்கார அம்மா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். “அது நல்ல குங்குமம், மகன். மஞ்சளில செஞ்சது. சாயத்தில செஞ்சது இப்பிடி மாறாது” என்றார். ஒரு வகுப்புக்கு ஆகிற விஷயத்தை மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். மஞ்சளில் இருக்கிற குர்க்குமின் காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மஞ்சளுக்கே திரும்பும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமம். குங்குமத்தில் எலுமிச்சை பட்டால் மறுபடி மஞ்சள். லிட்மஸ் தாள் செய்கிற வேலையை அம்மன் காலடியில் யாரோ எப்போதோ தொடங்கி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் இறக்குமதியை அரசு தடுத்திருந்த காலத்தில் நல்ல குங்குமத்துக்கு எவ்வளவு அலைந்தோம் தெரியுமா என்றும் அந்த அம்மா சொன்னார். தெரியும். அந்த நாட்களில் எங்கள் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகள் படகேறி இங்கே கடத்தப்பட்டதையும், பிடிபட்ட மூட்டைகளின் படங்கள் உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்ததையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

கோவிலிலிருந்து வடக்கே போனால் காக்கைத்தீவுக் கரை. களனி கங்கை கடலில் கலக்கிற இடம். சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் பிறந்து, 145 கிலோமீட்டர் ஓடி, போகிற வழியில் கொழும்புக்குக் குடிநீரும் கொடுத்துவிட்டு இங்கே வந்து முடிகிறது. கலங்கலான பழுப்பு நீர் ஒரு நாக்காக நீலத்துக்குள் நீள்வதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். பையில் பி.எச். தாள் கொண்டுபோயிருந்தேன். ஆற்று நீரில் தோய்த்த தாள் பச்சையாக நின்றது, ஏழை ஒட்டி. கடல் பக்கம் நடந்து, அலை வந்து காலைத் தொட்ட இடத்தில் இன்னொரு தாளைத் தோய்த்தேன். பச்சையில் நீலம் ஏறியது, எட்டுக்கு மேல். நடுநிலை நீரும் இலேசான கார நீரும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன.

கடலுக்கு அந்தக் காரத்தன்மை எங்கிருந்து வந்தது? நான் தாள் தோய்த்த அந்த ஆறு கொண்டுவந்ததுதான். அந்த ஆறும், உலகத்து எல்லா ஆறுகளும். மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மிக நீர்த்த கார்போனிக் அமிலமாக மலையில் விழுகிறது. அந்த அமிலம் பாறையைத் தேய்க்கிறது. தேய்க்கத் தேய்க்க அமிலம் தீர்ந்து பைகார்பனேட் ஆகிறது. கால்சியத்தோடும் சோடியத்தோடும் அது ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போகிறது. மலைக்கும் மழைக்கும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடக்கிற இந்தச் சண்டையின் மிச்சம் கடலில் சேமிப்பாகக் கிடக்கிறது. இன்றைக்கு ஒரு லிட்டர் கடல்நீரில் அந்தச் சேமிப்பு ஏறக்குறைய 2.3 மில்லிமோல். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் வேலை இருக்கிறது.

மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏலம் முடிந்து, ஐஸ் உடைக்கிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. எங்கள் ஊர் சீலாவை இங்கே அறுக்குளா என்கிறார்கள். விலை மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுபோல மேலே நிற்கிறது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் “மாஸ்டர்” என்று கூப்பிட ஆரம்பித்தார்.

“கப்பல் எரிஞ்சது இங்கயிருந்தே தெரிஞ்சது மாஸ்டர். கறுப்புப் புகை. ராவில நெருப்பு வெளிச்சம். கடலுக்குப் போக வேணாம் எண்டாங்க. அதுக்குப் பிறகு போனாலும் மீன் வாங்க ஒருத்தரும் வரல்ல. அசிட் மீன் எண்டு சொல்லிட்டாங்களே.”

களுத்துறை முதல் நீர்கொழும்பு வரை மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். தடை தளர்ந்த பிறகும் சனங்களின் பயம் தளரவில்லை. ‘அசிட்’ என்ற சொல்லுக்கு உள்ள கெட்ட பெயர் அப்படி. அமிலம் என்றாலே முகத்தில் வீசுவது, உடலைக் கரைப்பது என்றுதான் மனம் ஓடுகிறது. அதே சனங்கள் அன்றாடம் மீனை அமிலத்தில்தான் சமைக்கிறார்கள். அன்று மத்தியானம் கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பர் வீட்டில் சூரை மீன் அம்புல் தியல் கிடைத்தது. கொறக்காப் புளியை அரைத்து, மிளகோடு மீன் துண்டுகளில் அப்பி, மண்சட்டியில் நீர் வற்றும்வரை வேகவைக்கிற சிங்களச் சமையல் அது. கொழும்புத் தமிழ் வீடுகளிலும் நன்றாகவே குடியேறிவிட்டது. சட்டியைத் திறந்தால் கறுத்த துண்டுகள், மூக்கில் ஏறுகிற புளிப்பு, கவிச்சி துளியும் இல்லை. மீனின் கவிச்சிக்குக் காரணம் டிரைமெத்தில் அமீன் என்ற காரம். அது ஆவியாகி மூக்குக்கு வருவதால்தான் நாறுகிறது. கொறக்காவின் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் அதைப் பிடித்து உப்பாக்கிவிடுகிறது. உப்பு ஆவியாகாது, அதனால் நாறாது. அவ்வளவு புளிப்பில் நுண்ணுயிர்களாலும் லேசில் வளர முடியாது. ஐஸ்பெட்டி இல்லாமலே அம்புல் தியல் நாள்கணக்கில் தாங்குவது அதனால்தான். புளி, எலுமிச்சை, குடம்புளி என்று தென்கரையெல்லாம் மீனுக்குப் புளிப்புச் சேர்ப்பது ருசிக்காக மட்டும் இல்லை.

இனிக் கப்பலுக்கு வருவோம். துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் ஏற்றிய நைட்ரிக் அமிலப் பெட்டி ஒன்று கசிகிறது என்று மே 11 அன்றே தெரிந்துவிட்டது. கத்தாரில் ஹமத், குஜராத்தில் ஹசீரா என்று இரண்டு துறைமுகங்களில் இறக்கிக்கொள்ளக் கேட்டுப் பார்த்தார்கள், இரண்டும் கைவிரித்தன. கசிவோடேயே கப்பல் கொழும்புக்கு வந்தது. மே 20 அன்று புகை, மே 25 அன்று வெடிப்பு. இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பல்களும் தீயணைக்க வந்தன.

நைட்ரிக் அமிலத்தின் குணம் விசித்திரமானது. செறிவான அமிலத்தில் இரும்பைப் போட்டால் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் படர்ந்து இரும்பு தப்பித்துவிடும். அதே அமிலம் நீர்த்துப்போனால் இரும்பை அரிக்கத் தொடங்கும். செறிவு கூடினால் ஆபத்தும் கூடும் என்ற பொதுப்புத்தி இங்கே செல்லாது. கசிந்து, ஈரத்தோடு கலந்து, எஃகுத் தகட்டைத் தொட்ட அமிலம் அரிக்கும், சுடும், செம்பழுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடைக் கக்கும். மற்றொரு குணமும் உண்டு. அது ஆக்சிஜனைக் கொடுக்கிற அமிலம். மரம், துணி, பிசின் எது பக்கத்தில் இருந்தாலும் தீக்குத் தூண்டுகோல் ஆகிவிடும். அந்தக் கப்பலில் எப்பாக்சி பிசினும் ஏராளம். புகையிலிருந்த நைட்ரஜன் டை ஆக்சைடு மழையில் கரைந்து இலேசான அமில மழை பெய்யலாம் என்று கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை அப்போது எச்சரித்தது. கொச்சிக்கடைச் சிவன் கோவிலின் கருங்கல்லை அப்படிப்பட்ட மழை ஒன்றும் செய்யாது. பழைய சுண்ணச்சாந்துச் சுவர்கள்தான் பயப்பட வேண்டும்.

இந்த அமிலத்தின் மூலப்பொருளுக்கு இலங்கையில் பழைய வரலாறு ஒன்று உண்டு. 1816 முதல் 1820 வரை ஜான் டேவி என்ற ஆங்கிலேய இராணுவ மருத்துவர் இங்கே இருந்தார். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மின்சாரத்தால் பிரித்தெடுத்த ஹம்ப்ரி டேவியின் தம்பி. பாஸ்ஜீன் வாயுவைக் கண்டுபிடித்தவர். அமிலம் எல்லாவற்றிலும் ஆக்சிஜன் இருக்கும் என்று லவாய்சியே சொல்லிவைத்திருந்ததை, உப்பிலிருந்து எடுக்கிற அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று காட்டி உடைத்தவர் அண்ணன். அந்த வாதத்தில் அண்ணனுக்காகப் பத்திரிகைகளில் மல்லுக்கு நின்றவர் தம்பி. அவர் கண்டி நாட்டு வெடியுப்புக் குகைகளைப் போய்ப் பார்த்து, அங்கே நடந்த வேலையை 1821இல் லண்டனில் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் எழுதினார். வௌவால் எச்சம் ஊறிய குகை மண்ணோடு விறகுச் சாம்பலைக் கலந்து, நீரூற்றி வடித்து, காய்ச்சினால் வெடியுப்பு படிகமாக இறங்கும். சாம்பல் ஒரு காரம். அதிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் மண்ணிலிருந்த கால்சியம் நைட்ரேட்டோடு இடம் மாற்றிக்கொள்வதால்தான் வேலை நடக்கிறது. அந்த வெடியுப்போடு கந்தக அமிலம் சேர்த்துக் காய்ச்சித்தான் இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்வரை உலகம் நைட்ரிக் அமிலம் எடுத்தது. அமிலக் கொள்கைச் சண்டையில் நேரே கலந்துகொண்ட ஒருவர் இந்தத் தீவில் நாலாண்டு சுற்றித் திரிந்தார் என்று எங்கள் பாடப்புத்தகங்களில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

இப்போது கணக்கு. எரிந்தது, ஆவியானது எதையும் கழிக்க வேண்டாம். 25 டன்னும் சுத்த அமிலம், அத்தனையும் கடலில் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். நைட்ரிக் அமிலத்தின் மோல் எடை 63 கிராம். ஆக, சுமார் 4 லட்சம் மோல். கடல்நீர் லிட்டருக்கு 2.3 மில்லிமோல் அமிலத்தை வாங்கிக்கொள்ளும். வகுத்துப் பார்த்தால் 17 கோடி லிட்டருக்குச் சற்று மேல் கடல்நீர் தேவை. கேட்கப் பெரிதாக இருக்கிறது. கப்பல் தரைதட்டிய இடத்தில் ஆழம் சுமார் 21 மீட்டர். அந்த ஆழத்துக்கு 17 கோடி லிட்டர் என்பது இரண்டு ஏக்கர் பரப்பு. அவ்வளவுதான். களனியும் அதன் கூட்டாளிகளும் சேர்த்துவைத்த சேமிப்பில் இரண்டு ஏக்கருக்குரிய பங்கு செலவானால் அத்தனை அமிலமும் தீர்ந்தது. அந்த இரண்டு ஏக்கருக்குள் மாட்டிய உயிர்களுக்கு அது ஆறுதல் இல்லை என்பது வேறு விஷயம். நீரோட்டம் கலக்கிவிடுகிற கடலில் பி.எச். தாளைத் தோய்த்து அதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

காஸ்டிக் சோடா? கணக்குப்படி அந்த அமிலம் முழுவதையும் நடுநிலையாக்க 16 டன் போதும்; கப்பலில் ஆயிரம் டன்னுக்கு மேல் இருந்தது. விஷமும் முறிவும் ஒரே கப்பலில் பயணம் போயிருக்கின்றன. அதற்காக இரண்டையும் ஒன்றாகக் கொட்டியிருக்கலாமே என்று யாரும் கேட்க வேண்டாம். கடும் அமிலமும் கடும் காரமும் நேருக்கு நேர் சந்தித்தால் கிளம்புகிற சூட்டில் கலவை கொதித்துத் தெறிக்கும். காஸ்டிக் சோடா தனியே கடலில் கரைந்தாலும் ஓர் ஆள் காத்திருக்கிறது. கடல்நீரிலுள்ள மக்னீசியம் அதைப் பிடித்து வெண்ணிற மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படியவைத்துவிடும். வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் வாங்கிக் குடிக்கிற மில்க் ஆஃப் மக்னீசியா அதுவேதான்.

பெரியவரிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “அப்ப அசிட் போயிட்டுது எண்டுறீங்க. சரி. அந்த மணி போகல்லையே மாஸ்டர்.”

அந்த மணியைப் பார்க்கத்தான் மட்டக்குளிப் பாலத்தைத் தாண்டி வடக்கே போனேன். ஓட்டோக்காரத் தம்பி பமுனுகமப் பக்கத்தில் ஒரு கரையில் நிறுத்தினார். அடம்பன் கொடியின் ஊதாப்பூ, கட்டுமரம், வெயில். தம்பியே குனிந்து, அலை ஒதுக்கிய சருகுக் கோட்டுக்குக் கீழே ஒரு கை மணலை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, விரலால் தட்டித் தட்டி ஒதுக்கினார். மணலுக்கிடையே பயறு அளவில் வெள்ளை உருண்டைகள். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன். உடையவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. சில பழுப்பேறியிருந்தன. கருகி உருகி ஒன்றோடொன்று ஒட்டிய கட்டியும் கிடைத்தது. பிளாஸ்டிக் சாமான் வார்ப்பதற்கு ஆலைகளுக்குப் போகிற பாலிஎத்திலீன் மூலமணிகள். கப்பலில் இருந்தது சுமார் 1,680 டன். மூலமணி கடலில் கொட்டியதில் உலகிலேயே மிகப் பெரிய சம்பவம் இதுதான் என்று ஐக்கிய நாடுகள் குழுவின் அறிக்கை சொன்னது. கோவிட் ஊரடங்கு நாட்களில் கடற்படையினரும் படையினரும் கவச உடையில் வந்து மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். அள்ளியும் கிடக்கிறது.

ஏன் கிடக்கிறது என்பதற்கு என் ஆய்வுக்கூட அலமாரியே பதில். காஸ்டிக் சோடாக் கரைசலைக் கண்ணாடிப் புட்டியில் நெடுநாள் வைக்க மாட்டோம், அது கண்ணாடியை மெல்ல அரிக்கும். கண்ணாடியைத் தின்றே தீர்க்கிற ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வருவதும் பாலிஎத்திலீன் புட்டியில்தான். அமிலத்துக்கும் அசையாது, காரத்துக்கும் அசையாது என்பதால்தானே அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தோம்? அதே குணத்தோடு அது மணலில் கிடக்கிறது. அமிலத்துக்குக் கடலில் ஒரு காரம் கிடைத்தது. காரத்துக்கு ஒரு மக்னீசியம் கிடைத்தது. இந்த மணிக்கு ஆள் கிடைக்கவில்லை. வெயிலும் அலையும் அதைச் சிறிசாக்கும்; சிறிசாக்கும் அளவுக்கு மீன் வாய்க்குச் சுலபமாகும்.

அமிலத்தைக் கடல் விழுங்கிவிடும், கவலை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 25 டன்னை இரண்டு ஏக்கர் விழுங்கும். நம் வண்டிகளும் ஆலைகளும் விடுகிற கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. அது நீரில் கரைந்தால் கார்போனிக் அமிலம். தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த கடலின் பி.எச். இன்றைக்கு 8.1க்கு வந்திருக்கிறது. 0.1 தானே என்று தோன்றும். அந்த அளவுகோல் மடக்கைக் கணக்கு. ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கின்றன என்பது அதன் பொருள். இதற்குப் புகை தெரிவதில்லை, நெருப்பு தெரிவதில்லை, ஹமத்தும் ஹசீராவும் கைவிரிக்கத் தேவையில்லை. மலையைத் தேய்த்துச் சேமிக்கிற ஆறுகளின் வேகத்தைவிடச் செலவின் வேகம் கூடிவிட்டது.

2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல்காரர்கள் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கரை ஒதுங்கிச் செத்த நூற்றுக்கணக்கான ஆமைகளும், டால்பின்களும் திமிங்கலங்களும், வருமானம் இழந்த மீனவர்களும் அந்தத் தீர்ப்புக்குள் வருகிறார்கள். என் கேள்வி அதைவிடச் சின்னது. கசிகிற ஒரு பெட்டியை இறக்கிக்கொள்ள இரண்டு துறைமுகங்களில் ஒன்று சம்மதித்திருந்தால், தேவைப்பட்டிருக்கக் கூடியது கொஞ்சம் சோடா உப்பு, நிறையத் தண்ணீர், பாடம் படித்த நாலு பேர். அமிலக் கசிவை அடக்குவது எந்தத் துறைமுகத்துக்கும் தெரியாத வித்தை இல்லை.

என்னைப் போல வேதியியல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘அமிலம், காரம், உப்பு, நீர்’ என்று கரும்பலகையில் சமன்பாடு எழுதி முடித்ததும், பிள்ளைகளுக்கு இந்த இரண்டு ஏக்கர் கணக்கைக் கொடுங்கள். 25 டன், மோல் எடை 63, லிட்டருக்கு 2.3 மில்லிமோல், ஆழம் 21 மீட்டர். பத்தாம் வகுப்புக் கணக்குதான். விடை வந்த பிறகு, 1,680 டன் பாலிஎத்திலீனை நடுநிலையாக்க எவ்வளவு கடல் வேண்டும் என்றும் கேளுங்கள்.